க்ளெனிஸின் மாடுகள்

போன வாரக் கதையில் கெரினைக் கால்பந்துக் கிளப் ஹாலில் விட்டுவிட்டு வந்தோம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மெல்பர்னிலிருந்து வந்த டீச்சரம்மா சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பேரிடரில் அடிபட்டவர்களுக்கு எப்படித் துணையாக இருப்பது என்று இரண்டு நாள் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு சான்றிதழும் ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

சான்றிதழை மகள் டாம்சின் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அதோடு விட்டாளா? கீழே பேனாவால், "எச்சரிக்கை: இந்த வீட்டில் வாயைத் திறந்தால் காது கொடுத்துக் கேட்கப்படும்" என்று எழுதியும் வைத்தாள். இருபது வயது. கால்நடை டாக்டரிடம் வேலை. அந்த வாய் அப்பா வீட்டுச் சொத்து.

அப்பாவுக்கு இப்போது அந்த வாய் இல்லை.

தீ மெரிங்கல் பள்ளத்தாக்கைக் கடந்து போய் இருபத்து மூன்று நாள் ஆகிறது. ஊர்த் தீயணைப்புப் படை லாரியில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் மலைப்பாதையில் போனார்கள். தம்பி டாரில், கெரினின் கணவன், ஓட்டினான். அண்ணன் நெவில் பக்கத்தில் இருந்தான். திரும்பி வந்தது டாரில் மட்டும்தான். காதுக்குக் கீழே, கழுத்தில், ஒரு கையகலத்துக்கு வெந்த தோலோடு வந்தான்.

நெவிலின் மனைவி க்ளெனிஸ் வேலிக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையில் இருக்கிறாள். நூற்றி நாற்பது கறவை மாடு. ஒரே மகன் ப்ளூ பெர்த் பக்கம் சுரங்க வேலையில் இருக்கிறான், காரியம் முடிந்த மறுவாரம் கிளம்பிவிட்டான். மாடுகளை யார் பார்ப்பது?

அதைத்தான் கெரின் பார்த்துக்கொண்டாள். தீக்கு மூன்றாம் நாளே பதினான்கு பேரைப் பிடித்தாள். க்ளெனிஸின் கறவைக் கொட்டகைச் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையைத் துடைத்து, காலை ஐந்து மணிக்கு இன்னார், மதியம் மூன்று மணிக்கு இன்னார் என்று முறை போட்டு எழுதினாள். இந்தப் பள்ளத்தாக்கில் வழக்கமே அதுதான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுக்காரர்கள் ஒரு மாதத்துக்குக் கொட்டகைப் பக்கம் கால் வைக்கக் கூடாது. ஊர் கறந்து கொடுக்கும்.

மற்றவர்கள் வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை வந்தார்கள். டாரில் பெயர் மட்டும் எல்லா நாளிலும், இரண்டு வேளையிலும் இருந்தது. அவனே எழுதிக்கொண்டான்.

அவன் மாடு வைத்திருந்ததெல்லாம் ஆறு வருடத்துக்கு முந்தின கதை. மந்தையை விற்றுவிட்டு, வைக்கோல் வெட்டிக் கட்டிக் கொடுக்கும் தொழிலுக்குப் போய்விட்டான். இந்த வருடம் வெட்டுவதற்குப் பள்ளத்தாக்கில் ஒரு புல் கிடையாது. வீட்டில் உட்கார்ந்தால் சுவரைப் பார்க்கிறான். படுத்தால் மேலே பார்க்கிறான். மணி நாலரை ஆனால் மட்டும் எழுந்து பூட்ஸ் மாட்டுகிறான். அந்த பூட்ஸ் சத்தம் கேட்டால்தான் கெரினுக்கு மூச்சு வரும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு கெரின் வேலியைத் தாண்டி க்ளெனிஸ் வீட்டுக்குப் போனாள். கையில் சாப்பாடு எதுவும் எடுத்துப் போகவில்லை. வகுப்பில் சொன்னது மனதில் இருந்தது. போய் உட்கார். கேள். தீர்த்துவைக்கப் பார்க்காதே.

க்ளெனிஸ் சமையலறை மேஜையில் இரவு உடையோடு உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்து நான்கு வயதுக்கு உடம்பு இரும்பு மாதிரி இருக்கும் அவளுக்கு. இந்த மூன்று வாரத்தில் தோள் இரண்டும் இறங்கிப்போயிருந்தன.

"லசான்யா கொண்டுவந்தியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"புண்ணியமாப் போச்சு. ஃப்ரீசர்ல பதினோரு லசான்யா இருக்கு. அதுல ரெண்டு, யாரு குடுத்ததுன்னே தெரியல. ட்ரேக்கு அடியில பேர் எழுதின டேப்பு உரிஞ்சுபோச்சு. எவ வந்து என் ட்ரே எங்கன்னு கேப்பாளோ."

கெரின் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்தாள். இருபத்து மூன்று நாளில் க்ளெனிஸ் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. ஊரே வந்தபோதும் 'ம்', 'தேங்க்ஸ்', 'அங்க வச்சுடு' என்பதோடு சரி.

"க்ளென், உனக்கு இப்ப என்ன தேவைன்னு..."

"வகுப்புல படிச்சதா?"

கெரினுக்கு முகம் சிவந்தது. "ஆமா."

"சரி, கேட்டுட்டல்ல. சொல்றேன். என் மாட்டைத் திருப்பிக் குடு."

"என்னது?"

"என் மாடு, கெர். நீ எடுத்துட்டியே."

சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. க்ளெனிஸ் டீ வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

"இருபத்தாறு வருஷமா நான்தான் கறக்கறேன். ப்ளூ பிரசவத்துக்குப் படுத்தது பன்னெண்டு நாள். அதுக்கு மேல என்னால இருக்க முடியல. இப்போ மூணு வாரமாப் படுக்கையில கெடந்துகிட்டு, எவனெவனோ என் கொட்டகையில நடக்கறதக் கேட்டுட்டு இருக்கேன். அந்தக் கிழவன் மெர்வ், காது நுனி வெள்ளையா இருக்கே ஒருத்தி, அவள முதல் வரிசையில விட்டுடறான். அவ முதல்ல நின்னா பின்னாடி இருக்கறவ எல்லாம் அரண்டு போவா. உதைக்கற சத்தம் இங்க கேக்குது. நான் எந்திரிச்சுப் போனா, 'போய்ப் படும்மா, நாங்க பாத்துக்கறோம்'னு தோளைப் புடிச்சுத் திருப்பி அனுப்பறான். என் கொட்டகையிலருந்து என்னை!"

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, க்ளென்."

"எப்படிச் சொல்றது? பதினாலு பேர் தூக்கத்தக் கெடுத்துக்கிட்டு வர்றாங்க. வேண்டாம்னா நன்றி கெட்டவன்னு பேர் வராதா?"

கெரின் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு பெயரையும் தன் கையால் எழுதியது, எழுதி முடித்ததும் மனசு லேசானது, எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த முறைப்பட்டியல் யாருக்குத் துணையாக இருந்தது? தனக்குத்தான் போலிருக்கிறது என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"இன்னிக்கு மதியத்துலருந்து நானே கறக்கறேன். ஒருத்தரும் வர வேண்டாம்."

"சரி. நான் எல்லாருக்கும் ஃபோன் போடறேன். டாரில் மட்டும் கூட..."

"டாரில் வேண்டவே வேண்டாம்."

கெரின் நிமிர்ந்தாள்.

க்ளெனிஸின் விரல்கள் டீக் கோப்பையைச் சுற்றி இறுகியிருந்தன. "அவன் மேல கோபம்னு நெனைக்காத. அவன் மேட்டுல நின்னு மாட்டைக் கூப்பிடறான்ல, 'வாங்கடி மகாராணிகளா, வாங்க வாங்க'ன்னு. அது அவங்க அப்பன் கூப்பிடறது. ரெண்டு பசங்களுக்கும் அப்படியே வந்துடுச்சு. அதே குரல், அதே இழுப்பு. காலையில இருட்டுல அது காதுல விழுந்ததும், ஒரு மூச்சு நேரம், ஒரே ஒரு மூச்சு நேரம், எல்லாம் சரியா இருக்கு கெர். நெவில் மாட்டை ஓட்டிட்டு வர்றான், நான் எந்திரிக்கணும்னு காலைக் கீழ வைக்கறேன். அப்புறம் ஞாபகம் வருது. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. என்னால முடியல."

கெரின் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ள நினைத்தாள். கேட்காமல் தொடாதே என்று புத்தகத்தில் இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அது சரியா தப்பா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

"க்ளென், அவனுக்கு இப்ப அது ஒண்ணுதான் இருக்கு. அதுக்காகத்தான் எந்திரிக்கறான். அதையும் எடுத்துட்டா..."

"எனக்கு?" என்றாள் க்ளெனிஸ்.

கெரின் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்தாள்.

"நீயே அவன்கிட்ட சொல்லிடு. அவன் முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்குத் தெம்பு கிடையாது."

வேலியைத் தாண்டித் திரும்பும்போது மணி பதினொன்று. டாரில் மதியக் கறவைக்குக் கிளம்புவது இரண்டரை மணிக்கு. மூன்றரை மணி நேரம் இருந்தது, ஒரு வாக்கியம் சொல்ல.

முதலில் சுலபமானதைச் செய்தாள். மெர்வுக்கு ஃபோன் போட்டாள்.

"வரவே வேண்டாமா? நெசமாவா?" என்றார் மெர்வ். எழுபத்தொரு வயது. "என் முதுகு உனக்குக் கோயில் கட்டும் கெரின். ஆமா, நான் எதுவும் தப்புப் பண்ணலையே?"

"இல்ல மெர்வ். க்ளெனிஸ் தானே கறக்கறேங்கறா."

"பாவம், அந்தப் பொண்ணு சரியா தூங்கல போல. கொஞ்ச நாள் படுத்து ரெஸ்ட் எடுத்தா..."

"மெர்வ்."

"சரி, சரி. நான் ஒண்ணும் சொல்லல."

லொரைன் அழுதாள். தான் ஒரு வேளை கறவைக்கு வராமல் போனதற்குத்தான் க்ளெனிஸுக்குக் கோபமோ என்று மூன்று முறை கேட்டாள். இன்னொருத்தன் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டான். பதின்மூன்று பேருக்குச் சொல்லி முடிக்கப் பன்னிரண்டரை ஆயிற்று. மிச்சமிருந்த ஒருத்தன் அடுத்த அறையில் இருந்தான்.

டாரில் எழுந்து வந்து ரொட்டியில் வெண்ணெய் தடவினான். சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடாமலேயே வந்தது இந்த மூன்று வாரத்தில் இதுதான் முதல் தடவை. டாம்சினும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள்.

"அந்த வெள்ளைக் காதுக்காரி இருக்காளே," என்றான் டாரில், ரொட்டியைப் பார்த்தபடி. "அவ முதல் வரிசைக்கு லாயக்கில்ல. மெர்வுக்கு மண்டையில ஏறல. இன்னிக்கு நான் அவளைக் கடைசியில விட்டேன். கன்னுக்குட்டி மாதிரி நின்னா."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பெரிய சிரிப்பு ஒன்றுமில்லை, உதடு ஒரு பக்கம் போனது, அவ்வளவுதான். டாம்சின் அம்மாவைப் பார்த்தாள். பார்த்தியா என்று அவள் கண் கேட்டது.

கெரின் தட்டைத் தள்ளி வைத்தாள். கடவுளே, இன்றைக்கா சிரிக்க வேண்டும் இவன்? நேற்றுச் சிரித்திருக்கக் கூடாதா?

"டாரில், உனக்கு இப்ப எப்படி இருக்கு?"

"சான்றிதழ் பேசுது," என்றான் டாரில்.

டாம்சின் வாயிலிருந்த டீயைத் துப்பாத குறையாகச் சிரித்தாள். "அப்பா, பதில் சொல்லிடு. இல்லன்னா அடுத்த கேள்வி 'அது உன் உடம்புல எங்க தெரியுது?'ன்னு வரும். நான் புத்தகத்தைப் படிச்சுட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வீடு பழைய வீடு மாதிரி இருந்தது. கெரினும் சிரித்தாள். அந்தச் சமயத்தில் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. யாருக்குத்தான் எழும்?

பாத்திரம் கழுவும்போது டாம்சின் பக்கத்தில் வந்து நின்றாள். "என்னம்மா ஆச்சு?"

கெரின் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் சொன்னாள்.

டாம்சின் துடைத்துக்கொண்டிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, சொல்லாத. பெரியம்மாகிட்ட இன்னும் ஒரு வாரம் கேட்டுப் பாரு."

"அவளால ஒரு வேளைகூட முடியாதுடி."

"அப்பாவால முடியுமா?"

"தெரியல."

"நீதானே ரெண்டு நாள் படிச்சுட்டு வந்த!"

"அதுல இது இல்ல டாம்," என்றாள் கெரின். "ஒருத்தருக்கு மருந்தா இருக்கறது இன்னொருத்தரைக் கொல்லும்போது என்ன பண்ணணும்னு அதுல இல்ல."

இரண்டு இருபதுக்கு டாரில் பின்வாசல் படியில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்ட ஆரம்பித்தான். கெரின் கதவருகே வந்து நின்றாள். மெதுவாக, பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு மணி நேரமாகக் கோத்து வைத்திருந்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"இனிமே நீ அங்க போக வேண்டாம்."

ஒரு பூட்ஸ் காலில், ஒன்று கையில். டாரில் திரும்பிப் பார்த்தான்.

"கேட்டைத் திறந்து விட்டுட்டேனா?"

"இல்ல."

"பால்ல எதாவது? தொட்டியைக் கழுவிட்டுத்தானே வந்தேன்."

"வேலையில ஒரு குறையும் இல்ல. க்ளெனிஸ் தானே கறக்கறேன்னு சொல்லிட்டா. மத்த எல்லாருக்கும் ஃபோன் பண்ணிட்டேன்."

"நல்லதுதான். கறக்கட்டும். நான் ஓட்டிட்டு வந்து விட்டுட்டு ஓரமா நிக்கறேன். தனியா நூத்தி நாப்பதையும் எப்படி ஓட்டுவா?"

"டாரில். உன் குரல்."

அவனுக்குப் புரியவில்லை.

"நீ கூப்பிடறது நெவில் கூப்பிடற மாதிரியே இருக்காம். படுக்கையில கேக்கறப்ப, அவன்தான்னு நெனைச்சு எந்திரிக்கறா. தெனம் ரெண்டு வேளை."

டாரில் கையிலிருந்த பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கழுத்துக் காயத்தைச் சுற்றி இருந்த நல்ல தோலும் சிவந்தது.

"நான் கூப்பிடாம ஓட்டிட்டு வரேன்," என்றான். "சொல்லு அவகிட்ட. வாயைத் திறக்கவே மாட்டேன் கெர். மாடு ஓட்டற பைக்கைக்கூட எடுக்க மாட்டேன். நடந்து போய் பின்னாடி நின்னு ஓட்டறேன். நான் வந்ததே தெரியாது அவளுக்கு."

ஐம்பது வயது ஆள். அதட்டினால் பள்ளத்தாக்குக்கே கேட்கும் தொண்டை. பள்ளிக்கூடத்தில் வெளியே நிற்க வைத்த பிள்ளை மாதிரிக் கேட்டான். கெரினுக்குச் சம்மதம் சொல்லிவிடலாம் போலிருந்தது. சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை. அது க்ளெனிஸின் மாடு.

"வேண்டாம்னு சொல்லிட்டா, டாரில்."

அவன் மாட்டிய பூட்ஸைக் கழற்றவில்லை. கையிலிருந்த பூட்ஸை மாட்டவும் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தான்.

கெரின் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். வகுப்பு சொன்னதற்காக இல்லை. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. டாம்சின் கால்நடை டாக்டரிடம் உடம்பு சரியில்லை என்று ஃபோனில் பொய் சொல்லிவிட்டு, மூன்று கோப்பை டீ கொண்டுவந்து வைத்து, மேல் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

எதிரே கருகிய மேடு. அடிமரங்கள் கரியாக நின்றன, வேர்ப்பக்கம் மட்டும் பச்சை மயிர் மாதிரி துளிர் விட்டிருந்தது. மூன்று மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் கறவை மோட்டார் ஓட ஆரம்பித்தது. டாரிலின் உடம்பு தானாக எழப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தது. கெரின் அதைத் தன் தோளில் உணர்ந்தாள்.

"முதல் வரிசை," என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

அப்புறம், "ரெண்டு."

ஒவ்வொரு வரிசையும் வெளியே போகும்போது கேட் அடிக்கும் சத்தம் கேட்டது. அவன் எண்ணிக்கொண்டே இருந்தான். டீ ஆறி மேலே ஆடை படிந்தது. எழுந்து உள்ளே போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆறாவது வரிசையில் ஏதோ தகராறு, நேரம் இழுத்தது. டாரில் முஷ்டியை இறுக்கிக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று முணுமுணுத்தான்.

ஐந்தே முக்காலுக்கு மோட்டார் நின்றது. பள்ளத்தாக்கே காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"தனியாவே முடிச்சுட்டா," என்றான் டாரில். "நான் தேவையில்ல."

"அப்படிச் சொல்லாத..." என்று ஆரம்பித்த கெரின், அந்த வார்த்தையை விழுங்கினாள்.

அவள் பேசாமல் இருந்ததால்தான் அவன் பேசினான் என்று நினைக்கிறேன்.

"ஓடைகிட்ட வந்ததும் திரும்பிடலாம்னு நெவில் சொன்னான்."

கெரின் அவன் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு தடவை சொன்னான். 'போதும்டா, காத்து திரும்புது, லாரியைத் திருப்பு'ன்னான். நான்தான் மேல அந்த மரவீட்டுல யாராவது இருப்பாங்கன்னேன். அங்க ஒருத்தரும் இல்ல கெர். மொத நாளே கிளம்பிட்டாங்க. கடைசியா திருப்பலாம்னு பாத்தா பாதையில இடமில்ல. பின்னாடி பாத்துச் சொல்றேன்னு அவன் கீழ எறங்கினான்."

மேல் படியில் டாம்சின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விசாரணைக்கு வந்தவங்ககிட்ட ரெண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு பண்ணினோம்னு எழுதிக் குடுத்துட்டேன். கையெழுத்தும் போட்டாச்சு."

கெரினுக்குக் காரியத்தன்று ஹாலில் பேசியதெல்லாம் காதில் ஓடியது. தெரியாத ஒரு குடும்பத்துக்காக, தெரிந்தே மேலே போனவன் நெவில். படைத் தலைவர் அதைச் சொன்னபோது க்ளெனிஸ் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் நிமிர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

ஆறுதலாக எதையாவது சொல்ல வாயெடுத்தாள். 'நீ வேணும்னு செய்யலையே' என்பதா? 'யாரா இருந்தாலும் அப்படித்தான்' என்பதா? எல்லாமே சொல்லக் கூடாதவை என்று வகுப்பில் பெயர் சொல்லிப் படித்தவை. சொல்லக் கூடியது என்று ஒன்றுகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. இப்படி ஒரு கையாலாகாத நிலையில் அவள் என்றைக்கும் நின்றதில்லை. தீ வந்த அன்றுகூட வாளியும் தண்ணீரும் இருந்தன.

"க்ளெனிஸுக்குத் தெரியணும்," என்றான் டாரில். அவளைத் திரும்பிப் பார்த்தான். கண்ணில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "எனக்குச் சொல்லத் தெம்பு இல்ல கெர். நீதான் அவ சொன்னதை எங்கிட்ட வந்து சொன்ன. இதையும் நீயே அவகிட்ட சொல்லிடு."

அடுப்படியில் ஃபோன் அடித்தது. டாம்சின் ஓடிப் போய் எடுத்துக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தாள்.

"கெர்?" என்றாள் க்ளெனிஸ். மூச்சு வாங்கியது. இருபத்து மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த அவளுடைய சொந்தக் குரல் அது. "முடிச்சுட்டேன். நூத்தி நாப்பதும். கை ரெண்டும் கழண்டு விழுது, மேலெல்லாம் சாணி. இன்னிக்குத் தூங்கிடுவேன்னு நெனைக்கறேன். கெட்டில் போட்டிருக்கேன், ஒரு நடை வந்துட்டுப் போறியா? எனக்கு யாராவது பக்கத்துல இருந்தா நல்லாருக்கும் இப்ப. நீ வந்தா நல்லாருக்கும்."

டாரில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வரேன் க்ளென்," என்றாள் கெரின். ஃபோனை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்து, வேலியை நோக்கி நடந்தாள்.